பேசாத பிள்ளையும் வகுப்பில்தான் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகளில் பெற்றோர் கூட்டங்கள் நடந்துவரும் இந்நாட்களில், ஏழாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தியின் தேர்ச்சி அறிக்கையில் கண்ட ஒரு வரிதான் இக்கடிதத்தை எழுதத் தூண்டியது. ஐந்து பாடங்களிலும் எண்பதுக்குக் குறையாத மதிப்பெண் பெற்றிருந்தாள். அதன் கீழே, ஆசிரியர் குறிப்புக்கென விடப்பட்டிருந்த ஒற்றைக் கோட்டில், ‘வகுப்பில் வாயே திறப்பதில்லை, முன்னேற்றம் தேவை’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

கூட்டத்துக்கு மருமகளுடன் நானும் போயிருந்தேன். வகுப்பாசிரியை நல்ல பெண். என் மகள் வயதுதான் இருக்கும். பிள்ளையைப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு, எங்களைப் பார்த்து, ‘வீட்டிலயாவது பேசுவாளாம்மா?’ என்று கேட்டார். பின்னால் காத்திருந்த பெற்றோர் இருவர் சிரித்தார்கள். பேத்தி தன் அடையாள அட்டையின் நாடாவை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், நுனி வெளுத்துப்போகும் அளவுக்கு மறுபடியும் இறுக்கிச் சுற்றினாள். பதில் சொல்லவில்லை. அத்தனை பேர் முன்னிலையில் அந்தக் கேள்விக்கு அவள் பதில் சொல்லியிருந்தால்தான் எனக்கு வியப்பாக இருந்திருக்கும்.

அந்த ஆசிரியையைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. 1989 முதல் 2022 வரை அரசுப் பள்ளிகளில் தமிழாசிரியையாக இருந்த நான், இதே கேள்வியை இதைவிடக் கூர்மையாக எத்தனையோ பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். ஆகவே இக்கடிதத்தில் வரும் குறைகளில் பெரும்பகுதி என்னுடையவை என்றே தாங்கள் கொள்ளலாம்.

பேசாத பிள்ளைக்கு வைப்பதற்கு நம் பள்ளிகளில் பெயருக்குப் பஞ்சமில்லை. உம்மணாமூஞ்சி, கல்லுளிமங்கன், ஊமைக்கோட்டான், வாயில்லாப்பூச்சி என்று ஊருக்கு ஊர் பட்டியல் நீளும். ‘வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?’ என்ற கேள்வி, பாடநூல்கள் எத்தனை முறை மாறினாலும் மாறாமல் ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை பிள்ளைகளைத் தொடர்ந்து வருகிறது. பேசும் பிள்ளையையும் ‘வாயாடி’ என்று வைகிறோம் என்றாலும் அந்த வசவில் பாதி செல்லம்தான். ‘வாயுள்ள பிள்ளை பிழைக்கும்’ என்ற பழமொழியும் அதற்குத் துணைநிற்கிறது. பேசாத பிள்ளைக்குச் சூட்டும் பெயர்களிலோ ‘இது எதையோ மறைக்கிறது’ என்ற ஐயமும் ‘இதற்கு ஒன்றும் தெரியாது’ என்ற தீர்ப்பும் சேர்ந்தே இருக்கின்றன. மறைப்பதற்கு முதலில் ஏதாவது தெரிந்திருக்க வேண்டுமே என்று யாரும் எண்ணிப்பார்ப்பதில்லை.

பேசாத பிள்ளை பெண்ணாக இருந்துவிட்டால் கதை சற்று வேறு. ‘அடக்கமான பொண்ணு, இருக்கிற இடமே தெரியாது’ என்று புகழ்ந்துவிட்டு, அந்தப் புகழ்ச்சியோடு அவளை மறந்தும்விடுவோம். இருக்கும் இடமே தெரியாமல் ஒரு பிள்ளை ஓராண்டு முழுவதும் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தால், அது அவளுடைய பெருமையா என்னுடைய குறையா என்ற ஐயம் எனக்கு மிகப் பிந்தித்தான் வந்தது.

இத்தனைக்கும், பிள்ளைகளின் வாயை முதலில் அடைப்பவர்களும் நாம்தான். பள்ளியில் சேர்ந்த முதல் வாரத்தில் குழந்தை கேட்கும் கட்டளை ‘கையைக் கட்டு, வாயைப் பொத்து’ என்பது. ஆசிரியர் வெளியே போனால் வகுப்புத் தலைவன் கரும்பலகையின் ஓரத்தில் கோடு கிழித்து, ‘பேசியவர்கள்’ என்று தலைப்பிட்டுப் பெயர்களை எழுதுவான். அடங்காதவர் பெயருக்கு எதிரே பெருக்கல் குறிகள் கூடிக்கொண்டே போகும். ஆசிரியர் திரும்பி வந்து அந்தப் பட்டியலின்படி பூசை நடத்துவார். ஆறேழு ஆண்டுகள் இப்படிப் பழக்கிவிட்டு, பிறகு ஒருநாள் தேர்ச்சி அறிக்கையில் ‘வாயே திறப்பதில்லை’ என்று எழுதுகிறோம். அந்தப் பட்டியலில் ஒருநாளும் தன் பெயர் வந்துவிடக் கூடாது என்று கவனமாக இருந்த பிள்ளைக்கு இது எவ்வளவு குழப்பமாக இருக்கும்!

என் பணிக்காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொண்ணூறுகளின் இறுதியில், இந்த மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தேன். சன்னலை ஒட்டிய கடைசி வரிசையில் ஒரு மாணவன். வருகைப் பதிவில் ‘உள்ளேன்’ என்பதற்குமேல் ஒரு சொல் அவனிடமிருந்து வந்து நான் கேட்டதில்லை. செய்யுள் பொருள் கேட்டால் எழுந்து நிற்பான், உதடு லேசாக அசையும், ஓசை வராது. ஒருநாள் பொறுமையிழந்து, ‘நம்ம ஊமைத்துரை இன்னைக்கும் மௌன விரதம்போல’ என்றேன். வகுப்பே சிரித்தது. பாடவேளை முடியும்வரை அவனை நிற்கவும் வைத்தேன். அதன்பின் அந்தப் பெயர் அவனோடு ஒட்டிக்கொண்டது. மைதானத்தில் பந்து கேட்பவர்கள்கூட அவனை அப்படியே கூப்பிட்டார்கள்.

இந்தப் பெயரை இங்கே பலரும் கேலியாகத்தான் பயன்படுத்துகிறோம். நானும் அப்படித்தான் பயன்படுத்தினேன். வரலாறு தெரிந்திருந்தும் இப்படிச் செய்தேன் என்பதுதான் கொடுமை. 1801-ஆம் ஆண்டு பிப்ரவரியில், நான் இன்று குடியிருக்கும் இதே பாளையங்கோட்டையின் சிறையிலிருந்து தப்பி, இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பி, கும்பினிப் படையை மாதக்கணக்கில் திணறடித்தவர் ஊமைத்துரை. அவருடைய சைகையே ஆணையாக ஏற்கப்பட்டது என்று, அவரை எதிர்த்துப் போரிட்ட படையில் இருந்த வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரியே வியந்து எழுதியிருக்கிறார். அத்தகைய ஒருவருடைய பெயரை ஒரு சிறுவனை அவமானப்படுத்தக் கையிலெடுத்த தமிழாசிரியை நான்.

சில வாரங்கள் கழித்து ஆகுபெயர் நடத்தினேன். இடவாகுபெயருக்கு வழக்கமாகச் சொல்லும் எடுத்துக்காட்டான ‘வகுப்பறை சிரித்தது’ என்பதைக் கரும்பலகையில் எழுதி, அறை சிரிக்காது, அறையில் இருக்கும் மாணவர்கள்தான் சிரிப்பார்கள், இடத்தின் பெயர் அங்கிருப்பவர்களுக்கு ஆகி வந்தது என்று விளக்கினேன். அன்றிரவு வீட்டில் ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது அவனுடைய ஏடு வந்தது. எல்லா ஆகுபெயர்களுக்கும் சொந்தமாக எடுத்துக்காட்டு எழுதியிருந்தான், ஒன்றுகூடத் தவறில்லை. ‘வகுப்பறை சிரித்தது’ என்ற வரிக்குக் கீழே மட்டும், அழித்து அழித்து எழுதிய பென்சில் எழுத்தில், ‘சிரிக்காதவனும் இதில் சேர்த்தியா டீச்சர்?’ என்று கேட்டிருந்தான்.

இலக்கணக் கேள்வியாக எடுத்துக்கொண்டாலும் அது அருமையான கேள்வி. அந்த ஆண்டு முழுவதும், கையுயர்த்திக் கையுயர்த்திப் பதில் சொன்ன எந்தப் பிள்ளையும் அப்படி ஒன்றைக் கேட்கவில்லை. என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல், சரிக்குறியைப் போட்டு ஏட்டை மூடிவைத்தேன். மறுநாள் அவனைத் தனியே அழைத்து மன்னிப்புக் கேட்டேன் என்று எழுதத்தான் விருப்பம், அப்படி நடக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெயரை நான் சொல்வதை நிறுத்தினேன், அவ்வளவுதான். மற்றவர்கள் நிறுத்தவில்லை.

அதற்குப் பின்னர்தான், ஆண்டுதோறும் நடத்திவந்த நன்னூலையே கொஞ்சம் நிதானமாகப் படிக்கத் தொடங்கினேன். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் மாணாக்கரைத் தலை, இடை, கடை என்று பிரித்து, அன்னத்தையும் பசுவையும் முதல்நிலையில் வைக்கிறார். மண்ணும் கிளியும் இடைநிலை. பாலையும் நீரையும் பிரிப்பது அன்னம். புல் கண்ட இடத்தில் வயிறார மேய்ந்துவிட்டு, பிறகு ஓரிடத்தில் அமைதியாகப் படுத்து அசைபோடுவது பசு. சொல்லிக்கொடுத்ததை உடனுக்குடன் உரக்கத் திருப்பிச் சொல்லும் கிளிக்கு அவர் கொடுத்தது இரண்டாம் இடம்தான். நாமோ கிளியை முதல் வரிசையில் உட்காரவைத்துக் கைதட்டுகிறோம். அசைபோட்டுக்கொண்டிருக்கும் பசுவை மந்தம் என்று எழுதுகிறோம். பாடம் கேட்கும் முறையைச் சொல்லுமிடத்திலும் ‘செவிவாயாக நெஞ்சுகளனாக’ என்கிறார். செவியையே வாயாகக் கொண்டு பருகும் மாணாக்கன் அவருக்கு ஊமையாகத் தெரியவில்லை.

இதே நன்னூலில் என் வாதத்துக்கு எதிரான இடமும் உண்டு. அதை மறைத்துவிட்டு எழுதினால் நேர்மையாகாது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் புலமையில் கால்பங்குதான் கிட்டும், உடன் பயில்வோரோடு பழகுவதால் ஒரு கால்பங்கு, பிறருக்கு எடுத்துரைப்பதால் மீதி அரைப்பங்கு என்றும் பவணந்தியாரே கணக்குச் சொல்கிறார். ஆக, பேசவே வேண்டாம், எழுதினால் போதும் என்று நான் வாதிடவில்லை. நேர்முகத் தேர்விலும் வங்கியிலும் மருத்துவமனையிலும் வாய்திறந்து பேசியாக வேண்டிய உலகத்துக்குத்தான் இப்பிள்ளைகளும் போகிறார்கள். ஆனால் எடுத்துரைப்பதற்கு ஐம்பது பேர் கொண்ட சபைதான் வேண்டும் என்று நன்னூல் சொல்லவில்லை. பக்கத்தில் இருக்கும் ஒரு தோழிக்குச் சொன்னாலும் அது உரைத்தல்தான்.

வகுப்பறைப் பேச்சு என்று நாம் பெருமைப்படுவதைக் கொஞ்சம் கணக்குப்போட்டுப் பார்ப்போம். ஒரு பாடவேளை நாற்பது நிமிடம். வகுப்பில் நாற்பது பிள்ளைகள். ஆசிரியர் வாயே திறக்காமல் நேரத்தைச் சமமாகப் பங்கிட்டாலும் ஆளுக்கு ஒரு நிமிடம். உண்மையில் ஆசிரியர் முப்பது நிமிடம் பேசுகிறார். மீதிப் பத்து நிமிடத்தை நான்கைந்து பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். மற்ற முப்பத்தைந்து பேரில் பெரும்பாலோர் அன்று பேசவில்லைதான். ஆனால் அவர்களில் சிலரை மட்டும் ‘பேசாத பிள்ளை’ என்று தனியே குறிக்கிறோம். மற்றவர்கள் இடைவேளையில் கத்துவதால் தப்பித்துக்கொள்கிறார்கள்.

கேள்வி கேட்டுவிட்டு நாம் எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்பதும் இதில் சேரும். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தபோது, கேள்விக்கும் அடுத்த பேச்சுக்கும் இடையே ஆசிரியர்கள் விடும் இடைவெளி சராசரியாக ஒரு நொடி அளவில்தான் இருக்கிறது என்று கண்டார். அதை மூன்று நொடிக்குமேல் நீட்டியபோது விடைகள் நீண்டன. அதுவரை பேசாதிருந்த பிள்ளைகளும் விடைசொல்லத் தொடங்கினார்கள். இதை ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மறுநாள் என் வகுப்பில் மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்தேன். மூன்று வருவதற்குள் எனக்கே உடல் கூசியது. ஏதாவது சொல்லி நிரப்பிவிட வேண்டும் என்று நாக்கு துடித்தது. அமைதியைத் தாங்க முடியாதது பிள்ளைகளுக்கு அல்ல, எனக்குத்தான் என்று அப்போது விளங்கிற்று. பழகப் பழக ஐந்துவரை எண்ண முடிந்தது. நான்காவது எண்ணில் எங்கிருந்தோ ஒரு கை பாதி உயரும். முழுதாக உயராத அந்தக் கையைப் பார்க்கக் கண் பழக வேண்டும்.

இன்னொன்றும் செய்தேன். மேசைமேல் ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்து, கேட்க நினைப்பதைத் துண்டுச்சீட்டில் எழுதிப் போடலாம், பெயர் வேண்டியதில்லை என்றேன். முதல் வாரம் மூன்று சீட்டுகள். அவற்றுள் ஒன்று ‘மழை வந்தால் கடைசி பீரியடை விட்டுவிடுவீர்களா’ என்பது. நாள்போக்கில் பாட்டில் நிறைந்தது. அன்றாடம் இரண்டு சீட்டுகளை எடுத்து, ‘நல்ல கேள்வி ஒன்று வந்திருக்கிறது’ என்று வாசித்துப் பதில் சொல்வேன். எழுதிய பிள்ளை யாரென்று பெரும்பாலும் கையெழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். நான் காட்டிக்கொள்ள மாட்டேன். செய்யுளை ஒப்பிக்கவோ பொருள் சொல்லவோ வேண்டுமென்றால், ‘நாளைக்கு இந்தப் பாட்டு உன்னிடம் கேட்பேன்’ என்று முந்தின நாள் மாலையே காதோடு சொல்லிவிடுவேன். திடீரென்று எழுப்பினால் கல்லாக நிற்கும் பிள்ளை, ஓர் இரவு கிடைத்தால் நான்கு வரியாவது சொல்லிவிடும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று இன்றைய ஆசிரியர்கள் கேட்பார்கள். எமிஸ் என்னும் கல்வித்துறை இணையதளத்தில் விவரங்களைப் பதிவேற்றுவதும் பயிற்சியும் போக, பாடம் நடத்தவே நேரமில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஐந்து எண்ணுவதற்கு ஐந்து நொடிதான் ஆகும்.

கல்வித்துறை கொண்டுவந்த முறைகளில் சில இப்பிள்ளைகளுக்குத் தெரிந்தோ தெரியாமலோ நன்மை செய்தன. 2007-08 கல்வியாண்டில் தொடக்கப்பள்ளிகளில் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில், குழந்தை கற்றல் ஏணியில் தன் படியைப் பார்த்து, தன் அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு பாயில் உட்காரும். செய்ததைக் கம்பிப் பந்தலில் தொங்கவிடும். அம்முறையைப் பற்றிப் பல குறைகள் சொல்லப்பட்டன. அவற்றுள் சிலவற்றை நானும் சொன்னவள்தான். ஆனால் அந்த அட்டை யாரையும் ‘எழுந்து உரக்கச் சொல்’ என்று மிரட்டவில்லை. 2012-13-இல் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தபோது, நூற்றுக்கு நாற்பது மதிப்பெண், பருவம் நெடுக வகுப்பிலேயே நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு ஒதுக்கப்பட்டது. அதில் பாதி செயல்பாடுகளுக்கு. ஒப்பனையோடு நடிக்கலாம், படம் வரையலாம், தொகுப்பேடு தயாரிக்கலாம் என்று வாய்ப்புகள் பலவாக இருந்தன. நாங்கள் செய்ததோ, குழுவில் எழுந்து பேசியவனுக்குப் பத்துக்கு ஒன்பதும், அவன் பேசியதை எழுதிக்கொடுத்த பிள்ளைக்கு ஐந்தும். விதியில் குற்றமில்லை, போட்ட கை எங்களுடையது.

மத்திய வாரிய (சி.பி.எஸ்.இ.) பள்ளிகளில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளின் அக மதிப்பீட்டில் மொழிப்பாடத்தில் கேட்டலுக்கும் பேசுதலுக்கும் மதிப்பெண் உண்டு. பேச்சுத்திறனை அளப்பது வேண்டியதே. கேட்டலும் அதே வரியில் சேர்ந்திருக்கிறது என்பதை மட்டும் நினைவூட்ட விரும்புகிறேன். எத்தனை பள்ளிகளில் கேட்டலுக்கு உண்மையாக மதிப்பெண் போடுகிறார்கள்?

அரசுப் பள்ளிகளில் இன்னோர் அநீதி நடப்பதுண்டு. தேர்வு நெருங்கும்போது ‘மெல்லக் கற்போர்’ பட்டியல் கேட்பார்கள். அவசரத்தில் பட்டியல் போடும்போது, முகத்தை வைத்துப் பெயர்களை எழுதிவிடுவதுண்டு. வாய்திறக்காத பிள்ளை, மதிப்பெண் என்னவாக இருந்தாலும், அந்தப் பட்டியலில் ஏறிவிடும். மாலையில் தனி வகுப்பில் உட்காரவைக்கப்பட்டு, தனக்கு ஏற்கெனவே தெரிந்த ஐந்து மதிப்பெண் வினாவைப் பத்து முறை எழுதிக்கொண்டிருக்கும். அப்போதும் அது ஏன் என்று கேட்காது.

அமைதி எல்லாம் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இயல்பிலேயே குறைவாகப் பேசும் பிள்ளை வேறு; பேச முடியாமல் போன பிள்ளை வேறு. காது சரியாகக் கேட்காததால் பேசாத பிள்ளையைப் பல ஆண்டுகள் யாரும் கண்டுகொள்ளாமல் இருந்துவிடுவதுண்டு. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் முதலில் காட்ட வேண்டிய பிள்ளை அது. வீட்டில் கலகலவென்று பேசும் குழந்தை, பள்ளியில் மட்டும் மாதக்கணக்கில் ஒரு சொல்லும் வெளிவராமல் தவிக்கும் நிலை ஒன்று உண்டு. அதைப் பிடிவாதம் என்றே நெடுங்காலம் கருதினார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேட்டில் அது பதற்றக் கோளாறுகளின் வரிசையில் வைக்கப்பட்டுள்ளது. அந்தக் குழந்தையை ‘ஒரு வார்த்தை சொன்னால்தான் வீட்டுக்கு விடுவேன்’ என்று நிறுத்திவைப்பது, கால் முறிந்தவனை ஓடச் சொல்வதுதான். நேற்றுவரை பேசிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அடங்கிப்போனால் அது இன்னும் கவலைக்குரியது. வீட்டிலோ வழியிலோ பள்ளியிலேயோ ஏதோ நடந்திருக்கலாம். குழந்தைகளுக்கான உதவித் தொலைபேசி எண்ணான 1098-ஐச் சுவரில் எழுதிவைத்தால் மட்டும் போதாது, அந்த மாற்றத்தைக் கவனிக்க ஒருவர் வேண்டும். எல்லா அமைதியையும் ஒரே பட்டப்பெயரில் அடைத்துவிடும் ஆசிரியரால் இதைக் கவனிக்க முடியாது.

மொழியால் வாயடைத்துப்போகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வீட்டில் பேசும் வட்டார வழக்கில் ஒரு சொல் வகுப்பில் தவறி விழுந்து, சுற்றிலும் சிரிப்பு எழுந்துவிட்டால், அந்தப் பிள்ளை அடுத்த முறை வாயைத் திறக்க இரண்டு முறை யோசிக்கும். ஆங்கிலவழி வகுப்பில் நிலைமை இன்னும் கடுமை. தமிழில் பேசினால் அபராதம் போடும் தனியார் பள்ளிகள் உள்ள நாட்டில், ஆங்கிலம் முழுமையாக வராத பிள்ளை எந்த மொழியில் பேசும்? தன் மொழியில் ஆயிரம் சொல் வைத்திருக்கும் குழந்தையை நாம் ‘பேசத் தெரியாதது’ என்கிறோம். கொரோனாவுக்காக மூடிய பள்ளிகள் 2021 நவம்பர் முதல் நாள் ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குத் திறந்தபோது, ஒன்றரை ஆண்டுக்குமேல் வீட்டிலிருந்து வந்த பிள்ளைகள் பலர் முகக்கவசத்துக்குப் பின்னால் பேச்சை மறந்தவர்கள்போல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அப்போது மட்டும் நாங்கள் எல்லாரும் பொறுமையாக இருந்தோம். அந்தப் பொறுமை நமக்கு முடியாதது அல்ல என்பதற்கு அதுவே சான்று.

கடைசி வரிசையே கூடாது என்று ‘ப’ வடிவ இருக்கை பற்றி 2025-இல் விவாதம் எழுந்தது. நோக்கம் நல்லதே. ஆனால் ஒதுங்கி உட்கார ஓர் இடம் வேண்டும் என்று நினைக்கும் பிள்ளையை நாற்பது சோடிக் கண்களுக்கு எதிரே உட்காரவைத்தால், அது இன்னும் உள்ளே சுருங்கவும் கூடும். இடத்தை மாற்றுமுன் பிள்ளையைக் கேட்டுப்பார்க்கலாம். இரண்டு நாள் கழித்து, எழுத்தில்தான் பதில் வரும்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. பிரம்பு ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. பட்டப்பெயரும், நிற்கவைத்துக் கேலிசெய்வதும், பெற்றோர் முன்னிலையில் பிள்ளையைக் காட்சிப்பொருளாக்குவதும் அச்சட்டத்தின்கீழ் வருபவை என்று நம்மில் பலர் நினைப்பதேயில்லை. அதே சட்டத்தின் 29-ஆம் பிரிவு, குழந்தை அச்சமும் பதற்றமும் இன்றிக் கற்கவும் தன் கருத்தைத் தடையின்றி வெளியிடவும் உதவ வேண்டும் என்கிறது. அச்சத்தைப் போக்குவதும் கருத்தை வெளியிட உதவுவதும் அங்கே ஒரே வரியில் இருக்கின்றன. முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதை அதட்டி வாங்க முடியாது.

கல்வித்துறை அதிகாரிகளிடம் பெரிதாக எதையும் கேட்கவில்லை. தேர்ச்சி அறிக்கையின் குறிப்பில் ‘பேசுவதில்லை’ என்று எழுதுவதற்குப் பதிலாக, அப்பிள்ளை அந்தப் பருவத்தில் எழுதியதில், வரைந்ததில், செய்ததில் ஏதேனும் ஒன்றைப் பார்த்து அதைப் பற்றி ஒரு வரி எழுதுமாறு ஆசிரியர்களுக்கு அறிவுறுத்தலாம். எழுதுவதற்காகவாவது ஏட்டைப் புரட்டுவார்கள். கற்பித்தல் பயிற்சிகளில், கேள்வி கேட்டபின் காத்திருப்பதை ஒரு திறனாகவே பழக்கலாம். பெற்றோர் கூட்டத்தில் பிள்ளையின் குறையைப் பேச வேண்டியிருந்தால், பிள்ளையைச் சற்று வெளியே விளையாட அனுப்பிவிட்டுப் பேசலாம். பெற்றோரும் உறவினர் வீட்டில் ‘மாமாவுக்கு ஒரு ரைம் சொல்லு’ என்று பிடித்துத் தள்ளுவதை நிறுத்திக்கொள்ளலாம். பள்ளி மட்டும் திருந்திப் பயனில்லை.

அன்று கூட்டம் முடிந்து நகரப் பேருந்தில் வீடு திரும்பும்போது, சன்னலோரம் உட்கார்ந்ததுமே பேத்தி பேச ஆரம்பித்தாள். தாமிரபரணி மலையிலேயே பிறந்து இந்த மாவட்டங்களிலேயே கடலில் கலந்துவிடுகிறதே, வேறு மாநிலத்திடம் தண்ணீர் கேட்க வேண்டாத ஆறுகள் தமிழ்நாட்டில் இன்னும் எத்தனை இருக்கின்றன, ஆச்சி என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வைகையை நான் சேர்த்தபோது, பெரியாற்றுத் தண்ணீர் கேரளத்திலிருந்துதானே அதற்கு வருகிறது என்று மறுத்தாள். இறங்கும் நிறுத்தம்வரை பேச்சு ஓயவில்லை.

இக்கடிதத்தை அனுப்புமுன், அவளைப் பற்றியும் எழுதியிருப்பதால், அவள் சம்மதம் கேட்டுப் படிக்கக் கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து மூன்று பக்கங்களையும் மெதுவாகப் படித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பென்சிலை எடுத்து வந்து, இரண்டாம் பக்கத்தில் நான் விட்டிருந்த ஓர் ஒற்றெழுத்தைச் சேர்த்து, தாள்களை ஒழுங்காக அடுக்கி என் கையில் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
பாளையங்கோட்டை.